டெக்சாஸ் முதியோர் குடியிருப்புகள்: கொலைகளுக்குப் பின் குடும்பங்கள் கேட்ட சட்டங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. மாமனார் இறந்த பிறகு பிளேனோவில் எங்களோடு இருக்கிறார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால், பகலெல்லாம் தனியாக இருப்பதைவிடத் தன் வயதுக்காரர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறேன் என்று அவரே சொல்கிறார். பக்கத்தில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்துவிட்டும் வந்தோம். டாலஸ் பகுதிக் குடியிருப்புகளில் நடந்த கொலைகளைப் பற்றியும், அதன் பிறகு குடும்பங்கள் சட்டம் கேட்டுப் போராடியதைப் பற்றியும் நண்பர் ஒருவர் சொன்னார். என்ன நடந்தது, சட்டம் எதை மாற்றியது, நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

டெக்சாஸ் மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன் திட்டத்தில் நான் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். இல்லங்களுக்குச் சென்று, அங்கே இருப்பவர்களின் அறையில் அமர்ந்து, சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதிலிருந்து பணியாளர் கையை முறுக்கினார் என்பது வரை அவர்கள் சொல்லும் எந்தக் குறையையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் நிர்வாகத்திடம் பேசித் தீர்வு காண்பது எங்கள் வேலை. ஆனால் நீங்கள் பார்த்துவிட்டு வந்த குடியிருப்பு, பிறர் உதவியின்றி வாழக்கூடிய முதியோருக்கான "இன்டிபென்டென்ட் லிவிங்" வகையைச் சேர்ந்தது என்றால், ஆம்பட்ஸ்மன் என்ற முறையில் அதற்குள் காலடி வைக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

இங்கே முதியோர் தங்கும் இடங்கள் சட்டத்தின் பார்வையில் மூன்று வகைப்படும். எப்போதும் மருத்துவக் கவனிப்பு தேவைப்படுவோருக்கான நர்சிங் ஹோம்களை 1987-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வருவார்கள். கண்ட குறைகள் எழுத்தில் பதிவாகும். அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குளிக்கவும் உடுத்தவும் வேளைக்கு மாத்திரை எடுக்கவும் உதவி தேவைப்படுவோருக்கான "அசிஸ்டட் லிவிங்" இல்லங்களுக்குக் கூட்டாட்சி அளவில் அப்படியொரு சட்டம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். டெக்சாஸில் அவற்றுக்கு மாநில சுகாதார, மனிதச் சேவைகள் ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஆபத்து நேரத்தில் தாமாகவே வெளியேறக்கூடியவர்கள் மட்டும் இருக்கும் இல்லம் ஏ வகை என்றும், பிறர் கைகொடுத்து வெளியே அழைத்து வர வேண்டியவர்களும் இருக்கக்கூடிய இல்லம் பி வகை என்றும் பிரித்து, பின்னதற்குக் கூடுதல் நிபந்தனைகள் விதித்திருக்கிறார்கள். மூன்றாவது வகையான இன்டிபென்டென்ட் லிவிங் என்பது சட்டப்படி வெறும் வாடகை வீடு. மதியச் சாப்பாடு, வாரம் ஒருமுறை வீடு துடைத்துக் கொடுப்பது, கடைக்கோ மருத்துவரிடமோ போக வண்டி, கீழே பெரிய வரவேற்புக் கூடம் ஆகியவை வாடகையோடு சேர்ந்த வசதிகள்; அவ்வளவுதான். அதற்குப் பராமரிப்பு உரிமமும் இல்லை, அந்த உரிமத்தோடு வரும் ஆய்வாளரும் இல்லை.

பல இடங்களில் இந்த மூன்றும் ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருக்கும். நடைபாதையில் ஒரே நிறக் கம்பளம், சுவரில் ஒரே மாதிரிப் படங்கள், ஒரே சீருடையில் பணியாளர்கள். நடுவில் ஒரு கதவு இருக்கும். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் மாநில உரிமம் உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கோ அவர்களுடைய பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் தெரிவதில்லை. விளம்பரத் தாளில் "பாதுகாப்பான சூழல்" என்று இரு பக்கத்துக்கும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2016 முதல் 2018 வரையிலான காலத்தில் டாலஸ், பிளேனோ, ஃபிரிஸ்கோ, ரிச்சர்ட்சன் ஆகிய ஊர்களில், பெரும்பாலும் முதியோர் குடியிருப்புகளில் தனியாக வாழ்ந்த வயதான பெண்கள் பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். பில்லி செமிர்மிர் என்ற ஒரே மனிதர் அவர்களைத் தலையணையால் மூச்சுத் திணறடித்துக் கொன்று நகைகளை எடுத்துச் சென்றார் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. 22 கொலைக் குற்றச்சாட்டுகள் அவர் மீது சுமத்தப்பட்டன. குழாய் கசிவைப் பார்க்க வந்த பராமரிப்பு ஊழியர் என்று சொல்லிக் கதவைத் தட்டுவது அவர் கையாண்ட வழிகளில் ஒன்று. அவர் முன்பு முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர்; அதனால் இந்தக் கட்டடங்களின் நடைமுறையும், எந்த நேரத்தில் யார் தனியாக இருப்பார்கள் என்பதும் அவருக்குப் பழக்கம். 2016-ஆம் ஆண்டிலேயே டாலஸில் ஒரு முதியோர் குடியிருப்புக்குள் அத்துமீறி நுழைந்ததற்காகக் கைதாகிச் சிறை சென்று வெளியே வந்திருக்கிறார். அந்தச் செய்தி பக்கத்துக் குடியிருப்புகளின் வரவேற்பு மேசைகளை எட்ட எந்த வழியும் அன்று இருக்கவில்லை.

அவர் பிடிபட்டது, ஒரு பெண்மணி உயிர் பிழைத்ததால்தான். 2018 மார்ச் 19 அன்று பிளேனோவில் ஒரு குடியிருப்பில் 91 வயதான அந்த அம்மையார் கதவைத் திறந்தார். எதிரே நின்றவரின் கைகளில் பச்சை நிற ரப்பர் கையுறைகள் இருந்ததைப் பார்த்தவுடன் ஏதோ தவறு என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கதவைச் சாத்த முயன்றும் முடியவில்லை. முகத்தில் தலையணை அழுத்தப்பட்டு நினைவிழந்து கிடந்தவரைத் தோழி ஒருவர் கண்டுபிடித்தார். அவசர மருத்துவப் பணியாளர்கள் மீட்டெடுத்தார்கள். மறுநாள் காவல்துறை செமிர்மிரைக் கண்காணித்தபோது, அவர் ஒரு நகைப்பெட்டியைக் குப்பைத் தொட்டியில் எறிந்ததைப் பார்த்தது. அதிலிருந்த பெயரைத் தொடர்ந்து டாலஸில் ஒரு வீட்டுக்குச் சென்ற காவலர்கள், 81 வயதான பெண்மணி ஒருவர் படுக்கையறையில் கொலையுண்டு கிடப்பதைக் கண்டார்கள். அதன் பிறகு டாலஸ் காவல்துறை, அதுவரை சந்தேகமின்றி முடித்து வைக்கப்பட்டிருந்த முதிய பெண்களின் மரணங்களில் சுமார் 750-ஐ மீண்டும் எடுத்துப் பார்ப்பதாக அறிவித்தது.

இத்தனை மரணங்களும் ஏன் முன்பே கண்ணில் படவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. 80 வயதைக் கடந்த ஒருவர் தன் வீட்டில் இறந்து கிடந்தால், உடைந்த கதவோ இரத்தமோ இல்லாத நிலையில், "வயதாகிவிட்டது, இதயம் நின்றுவிட்டது" என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். குடியிருப்பு மேலாளர் அதைச் சொல்கிறார். வந்த காவலர் ஏற்றுக்கொள்கிறார். மருத்துவர் இறப்புச் சான்றிதழில் எழுதிவிடுகிறார். பெரும்பாலான இறப்புகளில் உடற்கூறாய்வு நடக்கவே இல்லை. தலையணையால் மூச்சடைத்துக் கொல்வது வெளித்தடயம் அதிகம் விடாத முறை என்பதால், உடலைக் கூர்ந்து பார்க்காமல் அது தெரிய வாய்ப்பும் இல்லை.

ஆனால் பிள்ளைகள் பார்த்தார்கள். அம்மா ஒருநாளும் கழற்றாத திருமண மோதிரம் விரலில் இல்லை. நகைப்பெட்டி திறந்து கிடக்கிறது. நேற்று வரை நடைப்பயிற்சி போனவர் இன்று இல்லை. பலர் காவல்துறையிடம் சொன்னார்கள். நகை காணாமல் போனது திருட்டுப் புகாராக ஒரு கோப்பில் போனது. மரணம் இயற்கை மரணமாக இன்னொரு கோப்பில் போனது. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை. ஒரே கட்டடத்தில் சில மாத இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மரணங்களும் திருட்டுகளும் நடந்தபோதும், அந்தக் கட்டடத்தில் வாழ்ந்த மற்றவர்களுக்கு யாரும் எச்சரிக்கை தரவில்லை என்பது குடும்பங்கள் தொடுத்த வழக்குகளின் மையக் குற்றச்சாட்டு. என் அனுபவத்தில், ஒரு மகளின் "அம்மா அதைக் கழற்றவே மாட்டாங்க" என்ற சொல்லுக்கு எந்த அதிகாரியின் படிவத்திலும் இடம் இருப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு இடம் கேட்டுத்தான் இந்தக் குடும்பங்கள் மாநிலச் சட்டமன்றம் இருக்கும் ஆஸ்டினுக்குப் போயின என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நீதிமன்றம் அவர்களுக்கு முழு ஆறுதல் தரவில்லை. 2021 நவம்பரில் நடந்த முதல் விசாரணையில் 12 ஜூரிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளாததால் தீர்ப்பின்றிப் போனது. 2022 ஏப்ரலில் மறுவிசாரணையில் குற்றம் உறுதியாகி, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரிச்சர்ட்சனில் நடந்த இன்னொரு கொலைக்காக இரண்டாவது ஆயுள் தண்டனை. உயிர் பிழைத்த அந்த அம்மையார் விசாரணைக்கு முன்பே, 2020-இல் காலமாகிவிட்டார். முன்கூட்டி ஒளிப்பதிவு செய்திருந்த அவருடைய சாட்சியம்தான் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. 2023 செப்டம்பரில் செமிர்மிர் சிறையில் சக கைதியால் கொல்லப்பட்டார். அத்துடன் மற்றக் குடும்பங்களுக்குத் தங்கள் தாயின் பெயரில் ஒரு தீர்ப்பு என்பதே இனி இல்லை என்றானது. ஆனால் அவர்கள் நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை; இந்த விசாரணைகள் முடிவதற்கு முன்பே சட்டமன்றத்தையும் நாடியிருந்தார்கள்.

அந்தக் குடும்பங்கள் சேர்ந்து "செக்யூர் அவர் சீனியர்ஸ் சேஃப்டி" என்ற அமைப்பைத் தொடங்கின. தாயைப் பறிகொடுத்த மகள்களும் மகன்களும்தான் அதன் முதுகெலும்பு. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள்கள் மட்டுமே நடக்கும் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஒரு மசோதா குழுவிலேயே நின்றுபோனால், அடுத்த வாய்ப்புக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சாட்சியம் சொல்லப் போகிறவர் காலையிலேயே பெயரைப் பதிந்துவிட்டுத் தன் முறைக்காக இரவு வரை காத்திருந்து, கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் தன் தாயின் மரணத்தைச் சொல்லி முடிக்க வேண்டியிருக்கும்.

2021-இல் நிறைவேறி அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த "மெரிலின் சட்டம்" அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. 2017-இல் ஃபிரிஸ்கோவில் இறந்த ஒரு பெண்மணியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அதன் உள்ளடக்கம் எளியது: இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட மரணக் காரணம் பின்னால் திருத்தப்பட்டால், அதை இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு மருத்துவப் பரிசோதகர், அதாவது மரணக் காரணத்தை ஆராயும் அரசு மருத்துவர், தெரிவித்தாக வேண்டும். இதற்கு ஒரு சட்டம் வேண்டுமா என்று நீங்கள் வியக்கலாம். இயற்கை மரணம் என்று நம்பி, அழுது, அடக்கம் செய்து, மனத்தைத் தேற்றிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கோப்பில் "கொலை" என்று மாற்றி எழுதிவிட்டு, அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் இருந்தது என்பதே உண்மை. பெற்ற பிள்ளைக்கு முன்னால் செய்தியாளருக்குத் தெரியக்கூடாது என்ற அளவிலான குறைந்தபட்ச நீதி அது.

எனினும் இந்தச் சட்டம் யாரையும் மரணத்திலிருந்து காப்பாற்றுவதில்லை; மரணத்துக்குப் பின் உண்மையைச் சொல்லவைக்கிறது. குடும்பங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் வேறு இரண்டு திசைகளிலும் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஒன்று, பழைய தங்கத்தை ரொக்கத்துக்கு வாங்கும் கடைகள் பற்றியது. திருடிய மோதிரம் சில மணி நேரத்துக்குள் பணமாகிவிட முடியும் என்றால், பொருளும் போய்விடும், தடயமும் போய்விடும். விற்பவர் யார், விற்ற பொருள் எது என்பதற்குக் காவல்துறை பார்க்கக்கூடிய பதிவு இருந்திருந்தால், தொடர்ச்சியாக முதிய பெண்களின் நகைகளைக் கொண்டுவந்த ஒருவர் எங்கேனும் ஓரிடத்தில் சிக்கியிருப்பார் என்பது அவர்களுடைய வாதம். இன்னொன்று, எல்லாவற்றிலும் கடினமானது: இன்டிபென்டென்ட் லிவிங் குடியிருப்புகளுக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரநிலை ஒன்று வேண்டும் என்பது. வருவோர் போவோர் பதிவு, கண்காணிப்புக் கேமரா, பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு, வளாகத்தில் குற்றம் நடந்தால் குடியிருப்போருக்குத் தகவல் ஆகியவை அதில் அடங்கும்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அங்கே வாழ்பவர்கள் சுயமாக முடிவெடுக்கும் பெரியவர்கள். பேரனோ தோழியோ வந்துபோவதை எழுதிவைக்க வேண்டியதில்லை என்று அவர்களே சொல்லக்கூடும். கெடுபிடி கூடினால் வாடகையும் கூடும். மற்ற வாடகை வீடுகளுக்கு இல்லாத சட்டம் இவற்றுக்கு மட்டும் எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால் ஓர் இடத்தை முதியவர்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட்டு, பாதுகாப்பையே விற்பனைப் பொருளாக முன்வைத்து, அதற்காகவே அதிக வாடகை வாங்கும் நிறுவனம், அசம்பாவிதம் நடந்தவுடன் "நாங்கள் வீட்டுச் சொந்தக்காரர் மட்டுமே" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியாக வாழும் முதியவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று வெளியே பலகை மாட்டிவிட்ட பிறகு, அந்தப் பலகையைத் திருடனும் படிப்பான் என்பதற்கு மாட்டியவரே பொறுப்பு.

டெக்சாஸ் வாடகைச் சட்டத்திலேயே இதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு இருக்கிறது. வாடகை வீட்டின் வெளிக்கதவில், வெளியே நிற்பவரைப் பார்க்கும் துளைக்கண்ணாடியும், சாவியால் வெளியிலிருந்து திறக்க முடியாத உள்தாழ்ப்பாளும் வீட்டுச் சொந்தக்காரரின் செலவில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் குடியிருப்பவர் 55 வயதைத் தாண்டியவராக இருந்து, அவருடைய நலத்தை அவ்வப்போது வந்து பார்க்க ஒப்பந்தத்தில் இடமும் இருந்தால், அந்த உள்தாழ்ப்பாள் கட்டாயமில்லை என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விலக்குதான். கீழே விழுந்து கிடப்பவரை மீட்கக் கதவைத் திறந்தாக வேண்டும். ஆயினும் அதே விலக்கு, சாவிக்கொத்து வைத்திருக்கும் எவரும் உள்ளே வரலாம் என்ற நிலையையும் உண்டாக்குகிறது. முதுமைக்கான சட்டம் எழுதுவது ஏன் கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை.

மற்ற மாநிலங்களிலும் குடும்பங்கள்தான் முதலில் கதவைத் தட்டியிருக்கின்றன. மின்னசோட்டாவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லங்களில் நடந்த அடி, திருட்டு, பாலியல் கொடுமை குறித்த ஆயிரக்கணக்கான புகார்கள் விசாரணையின்றிக் கிடப்பதை 2017-இல் அங்குள்ள நாளிதழ் ஒன்று தொடராக வெளிக்கொண்டு வந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் "எல்டர் வாய்ஸ்" என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். அசிஸ்டட் லிவிங் இல்லங்களுக்குத் தனி உரிமம் என்பதே அந்த மாநிலத்தில் அதுவரை கிடையாது. 2019-இல் சட்டம் நிறைவேறியது. குடியிருப்போர் தங்கள் அறையில் கேமரா வைக்கும் உரிமை 2020 ஜனவரியிலும், இல்லங்களுக்கான உரிம முறை 2021 ஆகஸ்டிலும் நடைமுறைக்கு வந்தன. உரிமம் இல்லாத வகையை உரிமத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இது சான்று.

ஒஹாயோவில் ஒரு மகன், தன் தாய்க்கு நர்சிங் ஹோமில் ஏதோ நடக்கிறது என்று சந்தேகித்து 2011-இல் மறைவாகக் கேமரா வைத்தார். பணியாளர்கள் அவரைத் தள்ளுவதும் துன்புறுத்துவதும் பதிவானது. அந்தத் தாயின் பெயரால் அமைந்த "எஸ்தர் சட்டம்" 2021 டிசம்பரில் கையெழுத்தாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மகன் சந்தேகித்ததற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே பத்து ஆண்டுகள். டெக்சாஸ் 2001-இலேயே நர்சிங் ஹோம் அறைகளில் கேமராவுக்கு வழிசெய்துவிட்டது. அந்த விஷயத்தில் இந்த மாநிலம் முன்னோடி. புளோரிடாவில் காரணம் வேறு: 2017 செப்டம்பரில் இர்மா புயலில் குளிர்சாதனத்துக்கான மின்சாரம் போய், ஹாலிவுட் நகரில் ஒரு நர்சிங் ஹோமில் வெப்பத்தால் 12 பேர் இறந்தார்கள். பெரிய மருத்துவமனை ஒன்று மிக அருகிலேயே இருந்தும் அது நடந்தது. அடுத்த ஆண்டே, மின்சாரம் போனாலும் 96 மணி நேரம் உட்புற வெப்பத்தை 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வைத்திருக்கும் ஜெனரேட்டர் ஏற்பாடு அங்கே கட்டாயமானது.

இப்போது உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் விட்டுவைத்த இடைவெளியை ஒப்பந்தத்தால்தான் நீங்கள் நிரப்ப வேண்டும். அந்தக் குடியிருப்புக்கு மாநில உரிமம் இருக்கிறதா, இருந்தால் அவர் தங்கப்போகும் அந்த வீடு அந்த உரிமத்துக்குள் வருகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் உள்ள பகுதி என்றால் மாநில ஆணையத்தின் இணையதளத்தில் ஆய்வு அறிக்கைகளைப் படிக்கலாம். எங்கள் திட்டத்தையும் அழைக்கலாம். இல்லையென்றால், பழுதுபார்க்க வருபவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருவாரா, வருபவரின் பெயரை வரவேற்பு மேசையில் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க முடியுமா, மாற்றுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது, வீட்டுக்குள் உள்தாழ்ப்பாள் பொருத்திக்கொள்ளலாமா, வளாகத்தில் திருட்டோ அத்துமீறலோ நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் குடியிருப்போருக்குத் தெரிவிப்பார்கள் என்று கேளுங்கள். "இதுவரை அப்படி எதுவும் நடந்ததில்லை" என்ற பதிலைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் சமரச நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கலாம். அதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அறிவிப்புக் கொடுக்காமல், மாலை ஆறு மணிக்குமேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். முன்பொரு நாள் ஒரு வளாகத்துக்கு நான் சென்றிருந்தேன். முன்வாசலில் கண்ணாடிக் கதவு, எண் அழுத்தித் திறக்கும் பூட்டு, பெயர் எழுதும் நோட்டு எல்லாம் இருந்தன. நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே ஏழு பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேர் வெறும் முதல் பெயர், ஒருவர் "குடும்பம்" என்று மட்டும். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனபோது, சமையல்கட்டுக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். செங்கல்லின் ஒரு முனை, கதவு இடித்து இடித்து மழுங்கியிருந்தது. அது அன்று ஒருநாள் வைத்த கல் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கதவு வழியாக நான் நேரே மின்தூக்கி வரை நடந்து போனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நிர்வாகத்திடம் சொன்னேன், மறுவாரம் கதவில் ஒலியெழுப்பி பொருத்தினார்கள். நீங்களும் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அப்படியொரு துயரம் எப்போதேனும் நேர்ந்து, உங்கள் மனத்தில் சிறு நெருடல் இருந்தால், அதைக் காவலரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல் மாவட்ட மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்துக்கும் அதே நாளில் சொல்லுங்கள். உடற்கூறாய்வு வேண்டும் என்று கேளுங்கள். நகை காணவில்லை என்றால், திருட்டையும் மரணத்தையும் ஒரே புகாரில் எழுதச் சொல்லுங்கள். நம் வழக்கப்படி தகனம் விரைவில் நடக்கும். அதற்குப் பின் எதையும் பரிசோதிக்க முடியாது. மெரிலின் சட்டத்தின்படி தகவல் வந்து சேர வேண்டுமானால் உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த அலுவலகத்தின் கோப்பில் சரியாக இருக்க வேண்டும். வீடு மாறினால் அங்கும் தெரிவியுங்கள்.

கடைசியாக, நகை. கொலையாளி தேடியது தங்கத்தை. நம் வீட்டுப் பெரியவர்கள் வளையலையும் சங்கிலியையும் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. கணவர் போட்ட சங்கிலியைக் கழற்றி வைக்கச் சொல்வது அவரைக் காயப்படுத்தவும் கூடும். அதனால் கழற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் போட்டிருப்பவற்றையும் பெட்டியில் இருப்பவற்றையும் ஒவ்வொன்றாகத் துணியில் வைத்து நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், கொக்கியில் உள்ள கடை முத்திரை தெரியும்படி ஒரு படம் தனியாக எடுங்கள், எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் போடாதவற்றை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். எந்த நகையை அவர் ஒருபோதும் கழற்றமாட்டார் என்பதை அவர் வாயாலேயே ஒரு நிமிடம் ஒளிப்பதிவு செய்து வையுங்கள். படங்களிலும் அந்த ஒளிப்பதிவிலும் ஒரு பிரதி, வேறு வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும்.